உம்மு குல்தூம் கொடுத்த காணி

உம்மு குல்தூமை யாராவது ‘பாவம் மனுசி’ என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று படுத்துவிடுவார்கள். பாவம் என்று சொன்னதோடு தங்கள் கடமை முடிந்ததாக நினைப்பு. அவள் பட்டதை எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். எனக்குத் தூக்கம் வருவதில்லை.

என் பெயர் றைஸா. நுரைச்சோலை தாண்டிக் கற்பிட்டிப் பக்கம் போகும் வீதியில் ஒரு சில்லறைக் கடை வைத்திருக்கிறேன். பாண், முட்டை, வெங்காயம், பிள்ளைகளுக்கு டொபி. கடைக்கு நேர் எதிரே வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு வெற்றுக் காணி. அதுதான் இந்தக் கதை.

குல்தூமும் நானும் தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து ஒரே வள்ளத்தில் வந்து இறங்கியவர்கள். அவள் அப்போது புதுப்பெண்டாட்டி. மகள் ரிஃப்கா இங்கே அகதி முகாமில்தான் பிறந்தாள். புருஷன் நூஹு கருவாட்டு வியாபாரம் செய்து, வாயையும் வயிற்றையும் கட்டி, அந்தக் காணியை மகளின் சீதனத்துக்கென்று வாங்கினார். வாங்கிய கையோடு நெஞ்சுவலி வந்து மவுத்தாகிவிட்டார். தாயும் மகளும் குடியிருந்தது வேறொருவரின் தென்னந்தோட்டத்தில், பலகை அடித்த ஒரு சின்ன வீட்டில். தோட்டக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார்: ஒரு சட்டி சீமெந்துகூட நிலத்தில் போடக்கூடாது. சீமெந்து போட்டால் நாளைக்கு உரிமை கேட்பார்கள் என்று பயம். ‘உனக்குத்தான் சொந்தக் காணி இரிக்கே, அங்க போய் வீடு கட்டன்’ என்று நான் எத்தனையோ தரம் சொல்லியிருப்பேன்.

“அது மகள்ட காணி. மாப்பிள்ள வந்து கட்டட்டும்” என்பாள். அதற்கு மேல் பேச விடமாட்டாள்.

மாப்பிள்ளையும் அமைந்தான். கற்பிட்டியில் நல்ல குடும்பம், பெருநாளுக்குப் பிறகு கலியாணம் என்று பேச்சு. அந்த நேரம் பார்த்துத்தான் அது நடந்தது. ரிஃப்கா வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு பின்னேரம் பெண்களை ஏற்றி வந்த உழவு இயந்திரப் பெட்டி வாய்க்காலுக்குள் கவிழ்ந்தது. மற்றப் பெண்கள் சிராய்ப்போடு எழும்பினார்கள். ரிஃப்கா எழும்பவில்லை. முதுகில் அடி. ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தபோது இரண்டு காலும் அவள் சொல் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒருநாள் பழமும் பிஸ்கட்டும் கொண்டுவந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு போனும் எடுக்கவில்லை. நல்லா இருக்கட்டும் அவர்கள்.

ஆனால் கால் முழுக்கச் செத்துப் போகவில்லை. அதைத்தான் நீங்கள் விளங்க வேண்டும். புத்தளத்தில் கிளினிக்கில் ஓர் அறை இருந்தது. நிலத்தில் இறுக்கிப் பூட்டிய இரண்டு நீளக் கம்பிகள், இடுப்பளவு உயரம். அவற்றுக்கு நடுவில் ரிஃப்காவை நிறுத்தி இரண்டு கையாலும் பிடிக்கவைத்தால் அவள் நடப்பாள். மெதுவாக, வேர்த்துக்கொட்ட, உதட்டைக் கடித்துக்கொண்டு நடப்பாள். முதல்நாள் அதைப் பார்த்த குல்தூம் அந்த அறையிலேயே குந்தியிருந்து அழுதாளாம். பயிற்சி கொடுக்கும் மிஸ் சொல்லியிருக்கிறா: “ஒவ்வொரு நாளும் இப்படி நடந்தா இந்தப் பிள்ளை நடக்கும். விட்டுட்டா நரம்பு இறுகும், பாதம் உள்ளுக்குத் திரும்பும். பிறகு என்னாலயும் ஏலாது.”

ஒவ்வொரு நாளும் எங்கே போவது! பஸ்ஸில் ஏற்ற முடியாது. முச்சக்கர வண்டிக்குக் கொடுத்துக் கட்டாது. மாதத்துக்கு ஒரு தரம் போவதே பெரும்பாடாக இருந்தது. வீட்டு முற்றத்தில் இரண்டு பக்கமும் கம்பு நட்டுப் பார்த்தாள். எங்கள் மண் வெறும் கடல் மணல். பிடித்தவுடன் கம்பு சாய்ந்தது, பிள்ளை முகம்குப்புற விழுந்தாள். சீமெந்து போட்டு இறுக்கலாம் என்றால் தோட்டக்காரரின் சட்டம். குல்தூம் போய் அவர் காலில் விழாத குறைதான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுடைய காணியிலேயே நடுவோம் என்றால், மாப்பிள்ளை திரும்பி வந்து வீடு கட்டுவான் என்று அவள் அதைத் தொட விடவில்லை; என் கடையோ வாடகைக் கடை, முற்றம் கிடையாது.

இப்படி இருக்கையில்தான் வின்சன்ட் வந்தார். பிரதேச சபையில் வேலை, கரையோரத்துக் கத்தோலிக்கப் பிள்ளை, நல்ல சிரித்த முகம். எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு, ஊர் மக்களுக்குப் பொதுவாக ஓர் உடற்பயிற்சி நிலையம் கட்ட மாகாணத்திலிருந்து காசு வந்திருப்பதாகச் சொன்னார். சீனி வருத்தம், பிரஷர் என்று எல்லாரும் குளிசைப் பையோடு திரிகிற ஊர் இது, அதனால் இங்கேதான் முதலில் கட்ட வேண்டும் என்றார்.

பெண்கள் ஒரே சிரிப்பு. “இந்த உடம்ப வச்சிக்கொண்டு நாங்க ஜிம்முக்கா, தம்பி? மெசின் உடைஞ்சா சபை கட்டித் தருமா?” என்று நான்தான் கேட்டேன்.

“உங்களுக்காகவே தனி நேரம் வைப்பம் அக்கா. காலையில பொம்பிளையள், பின்னேரம் பெடியன்மார். சுவர் உயரமாக் கட்டுவம், ஒருத்தரும் எட்டிப் பாக்க ஏலாது” என்றார் வின்சன்ட்.

அதன் பிறகு ஊரே அதைத்தான் கதைத்தது. பெடியன்மாருக்குச் சுவர் நிறையக் கண்ணாடி வேண்டுமாம், கையைத் தூக்கித் தூக்கித் தங்களையே பார்க்க. பெண்களுக்கு மின்விசிறி. கட்டடத்தைச் சபை கட்டும், உள்ளே வைக்கும் சாமானில் பாதி ஊர் சேர்க்க வேண்டும் என்றார்கள். அதற்கும் வெங்காயக்காரர், வள்ளக்காரர் என்று எல்லாரிடமும் ஏறி இறங்கினோம், ஒருவரும் கைவிரிக்கவில்லை. குல்தூம் மட்டும் ஒன்றுதான் கேட்டாள். வின்சன்ட் கீறிக் கொண்டுவந்த படத்தில் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினாள்.

“தம்பி, இந்த மூலையில ரெண்டு கம்பி. இடுப்பளவுக்கு. பிடிச்சி நடக்கிற மாதிரி. ஆடக்கூடாது.”

“போடுவம் அக்கா. உங்கட மகளுக்கு மட்டுமில்ல, பாரிசவாதம் வந்த ஆக்களுக்கும் உதவும்தானே” என்று அவர் அந்த இடத்திலேயே பேனையால் இரண்டு கோடு போட்டார். அன்று குல்தூமின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நூஹு மவுத்தான பிறகு அப்படியொரு வெளிச்சத்தை நான் அந்த முகத்தில் கண்டதில்லை.

இனிக் காணி வேண்டும். சபைக்கு எங்கள் பக்கம் காணி இல்லை. ஊரில் ஆள் கொடுக்க வேண்டும், வருஷம் முடிய முன்னம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு திறைசேரிக்குத் திரும்பிப் போய்விடும். கூட்டத்தில் இதைச் சொன்னவுடன் கூரையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர், காலைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்! வீதியோரம் தோப்புத் தோப்பாக வைத்திருப்பவர்களுக்குத் திடீரென்று தொண்டை கட்டிவிட்டது.

குல்தூம் எழும்பினாள். “என்ட மகள்ட சீதனக் காணிய நான் தாறன்” என்றாள்.

“விசராடி உனக்கு?” என்று நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

“மாப்பிள்ள போயிட்டான். கால் வந்தா மாப்பிள்ள வருவான், வராட்டியும் பரவாயில்ல. கால் இல்லாம காணிய வச்சி நான் என்ன செய்ய, றைஸா?”

நான் அவள் கையை விட்டேன். எல்லாரும் அழுதோம். கொடுப்பது என்று முடிவாயிற்று. எப்படிக் கொடுப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் எங்களுக்கு அது கேள்வியே இல்லை. எங்கள் ஆட்கள் ஊருக்கென்று காணி கொடுத்தால் அது பள்ளிவாசலுக்கு வக்பு. கிணறு வெட்டக் கொடுத்தாலும் அப்படித்தான், மதரசாவுக்குக் கொடுத்தாலும் அப்படித்தான். அல்லாஹ்வின் பேரில் கொடுத்தால் கொடுத்ததுதான்: விற்க முடியாது, மாற்றி எழுத முடியாது, கொடுத்தவரே வந்து கேட்டாலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

குல்தூமுக்கு அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சண்டை முடிந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் மன்னாருக்குப் போய் எங்கள் ஊரைப் பார்த்தோம். அவளுடைய வீடு நின்ற இடத்தில் யாரோ வேலி போட்டிருந்தார்கள், காணி உறுதிப் பத்திரமும் எங்களிடம் இல்லை. பள்ளிக்கு எழுதிய காணி மட்டும் பற்றைக்காடாக, அப்படியே, ஒருவர் கையும் படாமல் கிடந்தது. “பாத்தியா றைஸா, அல்லாஹ்ட பேர்ல கிடக்கிறத ஒருத்தரும் தொடயில்ல” என்று பஸ்ஸில் வரும் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். மகள் நடக்கப்போகிற நிலத்தையும் அப்படி ஒருவரும் தொடாமல் வைக்க நினைத்தாள். அது அவளுடைய பிழையா? நாளைக்கு ஓர் அரசியல்வாதி வந்து சபைக் கட்டடத்தைத் தன் ஆட்களுக்குக் கொடுத்தால் என்ன செய்வது என்றாள். நாங்களும் தலையாட்டினோம்.

ஜும்மாவுக்குப் பிறகு பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பள்ளித் தலைவர் ஜபார் ஹாஜியார் குரல் தழுதழுக்க அவளுக்காக துஆ கேட்டார். நொத்தாரிசு வந்து எழுதினார். ‘பள்ளிக்கு வக்பு’ என்று மட்டும் எழுதினார்கள். ஜிம் என்ற சொல்லை உறுதியில் போட ஹாஜியாருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று விட்டுவிட்டார்கள்.

வின்சன்ட் உறுதியை வாங்கிப் பார்த்தார். சிரித்த முகம் செத்துப்போயிற்று.

“அக்கா, இது பள்ளிக்கு எழுதியிருக்கே. சபைக்கெல்லோ எழுதியிருக்க வேணும். சபைக்குச் சொந்தமில்லாத காணியில அரசாங்கக் காசில ஒரு கல்லும் வைக்க ஏலாது.”

“பள்ளி சபைக்கு எழுதிக் குடுக்கும்தானே தம்பி?” என்றாள் குல்தூம். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

ஹாஜியார் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார். வக்பை மாற்றி எழுத அவருக்கு அதிகாரம் இல்லை, உலகத்தில் ஒருவருக்கும் இல்லை. மௌலவியிடம் போனோம், அதே பதில். குத்தகைக்குக் கொடுக்கலாம் என்று சட்டம் தெரிந்த பிரக்கிராசி ஒருவர் சொன்னார். வின்சன்ட் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மேலிடத்துக்கு எழுதினார், நேரிலும் போய்க் கெஞ்சினார், இந்த வருஷக் காசுக்கு அது செல்லாது என்றார்கள். வேறு காணி தேடினோம். நான் வீட்டுக்கு வீடு போய் நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டேன். மீண்டும் எல்லாருக்கும் தொண்டை கட்டியது. வருஷம் முடிந்தது, காசு போயிற்று. வின்சன்ட் என் கடை வாசலில் நின்று, குல்தூமின் முகத்தைப் பார்க்கப் பயந்து, என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். ஊர்க்காரர் சேர்த்த காசை அவரவருக்குத் திருப்பிக் கொடுத்தோம்.

குல்தூம் பள்ளி வாசலுக்குப் போனாள். “காணிய நான் திருப்பிக் கேக்கயில்ல ஹாஜியார். அதில ரெண்டு கம்பிய நட்டு, அடியில சீமெந்து போட விடுங்க. அது போதும். புள்ளட பாதம் திரும்புது.”

ஹாஜியார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு வசதி, நன்றாக ஏசித் தீர்த்திருப்பேன். “ஊருக்குப் பொதுவாக் கட்டினா ஒரு பேச்சும் இல்ல புள்ள. உங்கட மகளுக்கு மட்டும் எண்டா, குடுத்தத நீங்களே திருப்பி எடுத்த மாதிரி ஆகிடும் எண்டு பள்ளிய நடத்துற நம்பிக்கையாளர் சபையில சொல்றாங்க. நாளைக்கு மறுமையில நான் பதில் சொல்லணும். பள்ளிகளப் பாக்கிற மேலிடத்துக்குக் கேட்டு எழுதியிரிக்கம். சபுர் செய்ங்க, கொஞ்சம் பொறுங்க.”

“நான் சபுர் செய்வன் ஹாஜியார். கால் சபுர் செய்யுமா?” என்று கேட்டுவிட்டு வந்தாள். அன்று இரவு முழுக்க என் வீட்டில் தலையை முழங்காலில் வைத்துக்கொண்டு ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். “நான்தான் எழுதினன். என்ட கையால எழுதினன்.” 

மேலிடத்துப் பதில் வரவில்லை. அதற்குள் காணிக்குள் மாடு புகுகிறது, யாரோ குப்பை கொட்டுகிறார்கள் என்று பள்ளியில் வேலி போட்டார்கள். வக்புச் சொத்தைப் பாதுகாப்பது கடமையாம். நல்ல கடமை! ஆழமாகத் தோண்டி, சீமெந்து ஊற்றி, கொங்கிரீட் தூண் நட்டு, முள்ளுக்கம்பியை வீணைத் தந்தி போல விறைக்க இழுத்துக் கட்டினார்கள். சீமெந்துக்கு அங்கே ஒரு தடையும் இருக்கவில்லை. நான் கடையில் இருந்தபடி அதைப் பார்த்து வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். தூண் நட்டவர்கள் கூலிக்காரர், அவர்கள் என்ன செய்வார்கள்?

அடுத்த கிளினிக்கில் மிஸ் ரிஃப்காவின் இடது பாதத்தைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தாவாம். நிமிரவில்லை. வலது காலையாவது காப்பாற்றப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறா. அங்கிருந்து குல்தூம் நேரே என்னிடம் வந்து, “றைஸா, நூஹுட குறடு உங்கிட்டத்தானே கிடக்கு?” என்று கேட்டாள். கருவாட்டுப் பெட்டி கட்டும் கம்பியை வெட்ட அவர் வைத்திருந்த குறடு, நான் எதற்கோ இரவல் வாங்கியது. எடுத்துக் கொடுத்தேன். எதற்கென்று கேட்கவில்லை.

மறுநாள் விடியற்காலை, சுபஹுத் தொழுகை முடிகிற நேரம் கடைப் பலகையைத் திறந்தேன். வேலியோரம் குல்தூம் குனிந்து நின்று குறட்டால் கம்பியை நெரித்துக்கொண்டிருந்தாள். பாதையோரத்தில் பிளாஸ்டிக் கதிரையில் ரிஃப்கா. தாய் எப்படித்தான் தள்ளிக்கொண்டு வந்தாளோ. ஆத்திரத்தில் வேலியை அறுக்கிறாள் என்று நினைத்துச் செருப்பும் போடாமல் ஓடினேன்.

“அடியே, பள்ளிச் சொத்துடி! விடு!”

“கத்தாத. கம்பிய நான் அறுக்கயில்ல” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். இடுப்பளவில் ஓடிய கம்பியில் மட்டும் முள்ளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். முள்ளின் முறுக்கை வெட்டி, நெளித்து, இழுத்து எடுக்கிறாள். விரலெல்லாம் இரத்தம். எடுத்த முள்ளைக் கீழே போடாமல் ஒரு பொலித்தீன் பைக்குள் போடுகிறாள். முதல் தூணிலிருந்து இரண்டாவது தூண் வரைக்கும் கம்பி மொட்டையாகிவிட்டிருந்தது.

“எழும்புங்க மகள்” என்றாள். ரிஃப்கா வலது கையால் தாயின் தோளையும் இடது கையால் கம்பியையும் பிடித்து எழும்பினாள். தாயின் தோளை விட்டாள். தூண் அசையவில்லை. கம்பி கொஞ்சம் ஆடியது, ஆனாலும் தாங்கியது. வலது காலை வைத்தாள். இடது காலை, உள்ளுக்குத் திரும்பிய அந்தப் பாதத்தை, மணலில் இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். யா அல்லாஹ், என்னால் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

அப்போதுதான் பள்ளியிலிருந்து ஜபார் ஹாஜியார் வந்தார். எங்களைக் கண்டு நின்றார். கம்பியைப் பார்த்தார், குறட்டைப் பார்த்தார். நான் சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். குல்தூம் முந்தானையால் கையைத் துடைத்துவிட்டு அந்தப் பையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“ஹாஜியார், பள்ளிட முள்ளு. ஒண்டும் நான் எடுக்கயில்ல, எல்லாம் இதுக்குள்ள இரிக்கி. காணிக்குள்ளயும் நாங்க கால் வைக்கயில்ல. ரோட்டுப் பக்கம்தான் நிக்கிறம்.”

ஹாஜியார் பையை வாங்கினார்.  தாடிக்குள் கண்ணீர் இறங்கியது, துடைக்கக்கூட இல்லை. “குறட்டத் தாங்க புள்ள. மிச்சத்த நான் கழட்டுறன்” என்றார்.

குல்தூம் குறட்டைப் பின்னால் மறைத்தாள்.

“வாணாம் ஹாஜியார். நீங்க பள்ளிச் சொத்துக்கு நம்பிக்கையாளர். மறுமையில நீங்க பதில் சொல்லணும். இந்தக் குத்தம் என்னோட இரிக்கட்டும்.”

அவர் பையோடு அப்படியே நின்றார். போகவும் இல்லை, கிட்ட வரவும் இல்லை. குல்தூம் இரண்டாவது தூணுக்கு அப்பால் குனிந்து அடுத்த முள்ளில் குறட்டை வைத்து நெரித்தாள். அது லேசில் வரவில்லை. ரிஃப்கா அந்தத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கம்பி எப்போது வெறுமையாகும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உம்மா, கெதியாக் கழட்டுங்க” என்றாள். “கால் நடுங்குது.”